பூட்டும் முன் ஒரு குரல்

மேல்வீட்டுக்காரர்கள் செய்கிற தொழிலைச் சொன்னால் யாரும் லேசில் நம்பமாட்டார்கள். வெளியூர் போனவர்களின் பூட்டிய வீடுகளைப் பார்த்துக்கொள்வது. நானும் முதலில் சிரித்தவள்தான். பூட்டின வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது, பூட்டைத்தானே என்று கேட்டேன். அப்புறம் அந்த வீடுகளின் நாற்காலிக்கும் சோபாவுக்கும் தூசி உறை தைக்கிற வேலை என்னிடமே வந்தது. அளவெடுக்கப் போன இடத்தில்தான் புரிந்தது, ஆள் இருக்கிற வீட்டைவிட ஆள் இல்லாத வீட்டுக்குத்தான் வேலை அதிகம். குழாயைத் திறந்துவிடாவிட்டால் துருவேறும். கழிவுக்குழாயில் நிற்கிற தண்ணீர் வற்றினால் சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் ஏறி வரும். ஃபிரிட்ஜ் கதவிடுக்கில் துணி செருகித் திறந்து வைக்காவிட்டால் உள்ளே பூசணம் பூத்துவிடும். ஜன்னல் திறந்து காற்று விடணும், அலமாரியில் அந்துருண்டை போடணும், சுவரில் ஈரம் ஊறுகிறதா என்று கையை வைத்துப் பார்க்கணும்.

கீழே என் தையல் கடை, மேலே அவர்கள் வீடு. நடுவில் இருப்பது வெறும் பலகைத் தளம். அங்கே சண்டை நடந்தால் எனக்கு ரேடியோ தேவையில்லை.

மொத்தம் நாலு பேர். எந்நேரமும் இடுப்பில் சாவிக்கொத்து குலுங்குகிறதால் வீட்டுக்காரரைத் தெருவே சாவிக்காரர் என்றுதான் கூப்பிடும். பூட்டு, குழாய், மின்சாரம், எதில் பழுது வந்தாலும் அவர் பொறுப்பு. அவர் மனைவி எனக்கு அக்கா. கூட்டுவது, துடைப்பது, உறை மாட்டுவது எல்லாம் அவள். அவளுடைய தங்கை சின்னவள், போனும் கையுமாக உட்கார்ந்து யார் எங்கே போகணும் என்று வேலை பிரித்துக் கொடுப்பவள். நாலாவது ஆள் சாவிக்காரரின் அண்ணன். கல்யாணம் ஆகாதவர். எல்லோருக்கும் பெரியவர்.

பெரியவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் மூளை மந்தமாகிவிட்டது என்று தெருவில் பேசுவார்கள். அவர்கள் வாயில் மண். அவர் மந்தமில்லை, சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிறவர், அவ்வளவுதான். ஒருநாள் மழைக்கு என் கடையில் ஒதுங்கினார். உட்காருங்க, இதோ வரேன் என்று சொல்லிவிட்டு நூல் வாங்கப் போன நான், வழியில் ஒருத்தியிடம் பேச்சில் மாட்டிக்கொண்டேன். மழை விட்டு, வெயிலடித்து, நான் திரும்பி வந்தபோதும் அதே ஸ்டூலில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். கீழே சிந்திக் கிடந்த பட்டன்களை நிறவாரியாகப் பிரித்து வைத்திருந்தார். இப்படி ஒரு மனுஷனை யாருக்குப் பிடிக்காமல் போகும்?

சண்டை ஆரம்பித்தது ஒரு செடியால்.

"அந்தத் தொட்டிச் செடிக்குத் தண்ணி ஊத்துனது யாரு?" இது அக்கா.

"நான்தான். என் போன்ல வந்துச்சு, ஊத்தினேன்" என்றார் சாவிக்காரர்.

"என் போன்லயும்தான் வந்துச்சு! நானும் ஊத்தினேன். வேரு அழுகிக் கெடக்கு. வீட்டுக்காரம்மா வந்து கேட்டா என்னத்தச் சொல்றது?"

"செடிக்கு ஆயுசு அவ்வளவுதான்னு சொல்லு."

"உங்க வாய்க்கு ஆயுசு கெட்டிதான்."

செடி மட்டுமில்லை. சாவிக்காரர் போய் மெயின் ஸ்விட்சை மாற்றிப் போட்டுவிட்டு வருவார். அதே வேலை அக்காவின் போனிலும் இருக்கும். அவள் பெரியவரை அனுப்புவாள். அவரும் மாற்றிப் போட்டுவிட்டு வருவார். ரெண்டு பேரும் முடிந்தது என்று டிக் அடித்திருப்பார்கள், பூட்டின வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

ஒருநாள் சின்னவள் அக்காவையும் அத்தானையும் உட்காரவைத்துப் பிடித்தாள் ஒரு பிடி. மேலே அவள் கத்தியது கீழே எனக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

"அத்தான் போன்ல பழுதுன்னு ஒரு வேலைப் பட்டியல், ஒரு பிராஜெக்ட் வச்சிருக்காரு. நீ சுத்தம்னு ஒண்ணு வச்சிருக்கே. வீடு ஒண்ணு, வேலை ஒண்ணு. ரெண்டு பேரும் தனித்தனியா எழுதி வச்சா ரெண்டு பேரும் செய்யத்தான் செய்வீங்க. நான் ரெண்டையும் லிங்க் பண்ணிவிடப் போறேன். இனிமே இந்த வீட்டுல எந்த வேலையும் ரெண்டு தடவ கிடையாது. தெரிஞ்சுதா? எல்லாம் ஒரு தடவதான்."

அப்புறம் கடைக்கு இறங்கி வந்து எனக்கும் பாடம் நடத்தினாள். "காப்பி வேற, லிங்க் வேற, தையலக்கா. காப்பின்னா ஒரே அளவுல தைச்ச ரெண்டு சட்டை. ஒண்ணுல பட்டன் வச்சா இன்னொண்ணுல வராது. லிங்க்னா சட்டை ஒண்ணுதான், ரெண்டு கண்ணாடியில தெரியுது. இங்க பட்டன் வச்சா அங்கயும் தெரியும்."

"அப்ப நிஜச் சட்டை எந்தக் கண்ணாடியில இருக்கு?" என்று கேட்டேன்.

"எதுலயும் இல்ல" என்று சொல்லிவிட்டு, என் டீயை எடுத்துக் குடித்துவிட்டுப் போனாள்.

ரெண்டு தடவை செய்கிற வேலைகளில் ஒன்று மட்டும் தெரிந்தே செய்வது. வீட்டைப் பூட்டுவதற்கு முன்னால் சாவிக்காரர் கீழே நடுக்கூடத்தில் நின்று, "உள்ள யாராவது இருக்கீங்களா? பூட்டப் போறேன்!" என்று குரல் கொடுப்பார். அவர் கொடுத்து முடித்ததும் அக்கா மாடிப்படியில் பாதி ஏறி நின்று அதையே இன்னொரு தடவை சொல்வாள். தொழில் தொடங்கின புதிதில் ஒரு வீட்டில் பூனை மாட்டிக்கொண்டு, அடுத்த மாதம் போய்த் திறந்தபோது அது இருந்த கோலத்தை நான் சொல்லப்போவதில்லை. அன்றைக்கு வந்த வழக்கம் அது. ரெண்டாவது குரல் கேட்டதும் பெரியவர் எங்கிருந்தாலும் கையிலிருப்பதை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார்.

சின்னவள் அதையும் விடவில்லை. "குரல் மட்டும் எதுக்கு ரெண்டு தடவ? ஒருத்தர் கத்தினா காதுல விழாதா?" என்றாள். பெரியவரையும் கூப்பிட்டு, "இனிமே ஒரு தடவதான் கூப்பிடுவோம், சரியா? ஒரு தடவ கேட்டதும் வந்துரணும்" என்று சொன்னாள். அவர் தலையாட்டினார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன், அக்காவின் ரவிக்கைக்கு அளவெடுத்துக்கொண்டு.

அந்த மாசம் அவர்கள் கையில் இருந்ததிலேயே பெரிய வேலை ஆற்றங்கரை வீடு. சொந்தக்காரர்கள் ஒரு வருஷத்துக்கு வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மாடியும் பரணுமாகப் பழைய காலத்து வீடு. சாயங்காலமானால் ஆற்றிலிருந்து பனி எழுந்து தோட்டத்துக்குள் வந்து நிற்கும். உறைக்கு அளவெடுக்கப் போன அன்றே எனக்கு அந்த வீடு பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆற்றுக் காற்று அத்தனை வீசியும் உள்ளே ஒரு திரைச்சீலைகூட அசையவில்லை.

உறையெல்லாம் மாட்டி, வேலையெல்லாம் முடித்து, அந்த வீட்டைப் பூட்டினார்கள். அடுத்தடுத்த நாட்களில் மழை பிடித்துக்கொண்டது. என் கடை வாசலில் தண்ணீர். மேலே பெரியவர் நடக்கிற சத்தம் கேட்கவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மழைச் சத்தத்தில் என்ன கேட்கும்?

மழை விட்ட அன்று மத்தியானம் மேல்வீட்டில் போன் அடித்தது. ஆற்றங்கரை வீட்டுக்கு எதிர்வீட்டுப் பெண். அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டே என் கடைக்கு இறங்கி வந்துவிட்டாள். மேலே சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும்.

"ஏம்மா, உங்களுக்கே நல்லாருக்கா?" அந்தப் பெண் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "தினமும் சாயங்காலம் புருஷனும் பொண்டாட்டியுமா வந்து நின்னு கத்துறீங்க. மொதல்ல அவரு, அப்புறம் நீங்க. கைக்குழந்தை இருக்கிற வீடு. இப்பத்தான் தூங்க வச்சிருப்பேன், உடனே முழிச்சுக்குது."

"மன்னிச்சுக்கங்கம்மா, இனிமே சத்தம் போடாமப் பாத்துக்கிறோம்" என்று சொல்லி வைத்துவிட்டு, அக்கா படியைப் பார்த்துக் கத்தினாள். "ஏங்க! தினமும் ஆத்தங்கரை வீட்டுக்குப் போயிக்கிட்டா இருக்கீங்க? அந்த வேலைதான் முடிஞ்சு போச்சே!"

சாவிக்காரர் சாப்பிட்ட கையோடு இறங்கி வந்தார். "நான் எங்க போனேன்? நீதான் அண்ணனக் கூட்டிக்கிட்டுப் போறேன்னு நினைச்சேன்."

"நான் எதுக்கு மாமாவக் கூட்டிக்கிட்டுப் போறேன்? மாமா உங்ககூடல்ல குழாய் வேலையில இருக்காரு? என் போன்ல அப்படித்தான் காட்டுது."

"என் போன்ல உன்கூடன்னு காட்டுது. மழைக்கு ராத்திரி வேலை நடக்குற வீட்டுலயே தங்கிட்டாருன்னு இருந்தேன்."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். என்னிடம் பதில் இருக்கிற மாதிரி.

"கடைசியா நீங்க எப்பப் பாத்தீங்க அவர?" என்று நான்தான் கேட்டேன்.

"ஆத்தங்கரை வீட்டுல" என்றார் சாவிக்காரர். "பரண்ல அந்துருண்டை போடச் சொன்னேன். பூட்டும்போது உன்கூட பஸ்ல போயிட்டாருன்னு..."

"நான் உங்க வண்டியில வருவாருன்னு வந்துட்டேன்."

"நீ குரல் கொடுத்தியா?"

"நீங்க கொடுக்கலியா? என் போன்ல இல்லியே. சின்னவ உங்க பக்கம் மாத்திட்டாளாக்கும்னு இருந்தேன்."

"என் போன்லயும் இல்ல."

படியில் நின்ற சின்னவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். பழுது பக்கம் பார்த்தாள், சுத்தம் பக்கம் பார்த்தாள். "குரல் கொடுக்குற வேலை ரெண்டு எடத்துலயும் இருந்துச்சுக்கா. காப்பின்னு நினைச்சு ஒண்ண டெலிட் பண்ணினேன். அத மொதல்லயே லிங்க் பண்ணி வச்சிருந்தேன்... மறந்தே போச்சு. ரெண்டுலயும் போயிருச்சு." என் பக்கம் திரும்பி, "கண்ணாடியில இருந்தத அழிக்கிறேன்னு சட்டையவே கிழிச்சுட்டேன் தையலக்கா" என்று சொல்லி ஓவென்று அழுதாள்.

போனில் வந்தால் செய்வது, வராவிட்டால் அப்படி ஒரு வேலையே கிடையாது என்று எல்லோருமே ஆகிப்போயிருந்தார்கள். வருஷக்கணக்காக வாயில் இருந்த குரல், போனிலிருந்து போனதும் வாயிலிருந்தும் போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மூன்று பேரையும் நாலு அறை அறையலாம் போல இருந்தது. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்தபிறகு என்னத்தைச் சொல்ல?

"அந்த மனுஷன் சோறு தின்னாரா இல்லியான்னுகூட நான் பாக்கலியே" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினாள். "கட்டிக்கிட்டு வந்த அன்னிக்கு எனக்குன்னு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டவரு அவருதான். இந்த வீட்டுல வேற யாருக்கும் தோணல."

மெஷினை மூடிவிட்டு நானும் வண்டியில் ஏறினேன். சின்னவள் என் கையை விடவில்லை.

பாதி வழி போனபிறகுதான் சாவிக்காரர் கேட்டார். "ஏம்மா, நானும் போகல, நீயும் போகல. அப்ப அங்க தினமும் வந்து கத்தினது யாரு?"

"மாமாவாத்தான் இருக்கும், உள்ள மாட்டிக்கிட்டுக் கத்தியிருப்பாரு" என்றாள் அக்கா.

"பொம்பளக் குரலும் கேட்டுச்சுன்னு சொன்னாங்கன்னியே."

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் இருந்தது, ஆனால் ஆற்றுப்பக்கம் பனி எழத் தொடங்கிவிட்டது. முன்கதவுப் பூட்டு அவர்கள் போட்டது போட்டபடி இருந்தது. சாவிக்காரர் கதவைத் திறந்ததும் ஈர மூச்சு மாதிரி ஒரு காற்று முகத்தில் அடித்தது. சோப்பு வாசனை. தரை இப்போதுதான் துடைத்தமாதிரி பளபளத்தது. ஜன்னல் கண்ணாடியில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. குழாயடியில் தேய்ந்து விரலளவுக்கு வந்துவிட்ட சோப்புக்கட்டி. ஒரே வீட்டை ஒருத்தர் திரும்பத் திரும்பக் கழுவியிருக்கிறார்.

சாவிக்காரர் நடுக்கூடத்தில் நின்று, "அண்ணே! உள்ள இருக்கீங்களா? நான்தான்!" என்று கத்தினார். பதில் இல்லை. அக்கா தாங்கமாட்டாமல் மாடிப்படியில் ஏறி ஓடி, பாதியில் நின்று, "மாமா! உள்ள இருக்கீங்களா?" என்று கத்தினாள். அதற்கும் பதில் இல்லை. துணி போர்த்திய வீட்டில் சத்தம் அமுங்கிப்போகும், தெரியும்தானே. அவள் குரல் எங்கேயும் போய் முட்டாமல் செத்துப்போனது.

"கத்தாதீங்க, தேடுங்க" என்றேன். என்னவோ, அந்த வீட்டில் சத்தம் போடுவதே எனக்குச் சரியாகப் படவில்லை.

பரணில் ஆள் இல்லை. அந்துருண்டை மட்டும் மூலைக்கு மூலை ஒழுங்காக இருந்தது. சமையலறையில் பிஸ்கட் காகிதங்கள் சதுரம் சதுரமாக மடித்து அடுக்கியிருந்தன. சாவிக்காரரின் வேலைப்பையில் இருந்த பிஸ்கட். காகிதத்தைப் பார்த்ததும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பின்கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டபடி இருந்தது. சாவி வேண்டாம், குழந்தைகூடத் திறக்கலாம். ஏன் திறந்துகொண்டு வரவில்லை? சாவிக்காரர் அந்தத் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனதில் ஓடியதுதான் என் மனதிலும் ஓடியது. வெளியே போகவில்லை என்றால் உள்ளேதான் இருக்கிறார், அப்புறம் ஏன் பதில் வரவில்லை?

மாடியில் கடைசி அறைக்கு நானும் சின்னவளும் போனோம். எல்லாமே நான் தைத்த உறைக்குள் இருந்தன. சோபா, வட்ட மேஜை, ஜன்னலோரம் சாய்வு நாற்காலி. அதைத் தாண்டிப் போகும்போதுதான் பார்த்தேன். அந்த நாற்காலிக்கு நான் தைத்த உறை முன்பக்கம் நேராகத் தரைக்கு விழும். இது நடுவில் புடைத்து வந்து மடிந்து இறங்கியது. முழங்கால் வைக்க நான் இடம் விட்டுத் தைக்கவில்லை.

உறை மெல்ல ஏறி இறங்கியது. மூச்சு.

சின்னவள் என் தோளைக் கவ்விப் பிடித்துக்கொண்டாள். தூக்கிப் பார்க்காமல் திரும்பி ஓடிவிடலாமா என்று நினைத்தேன், பொய் சொல்லமாட்டேன். அப்புறம் அந்தப் பட்டன்கள் ஞாபகம் வந்தன. கூப்பிடாமல், ஒன்றும் சொல்லாமல், ஓரத்தைப் பிடித்துத் தூக்கினேன்.

பெரியவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டி, தாடி முளைத்திருந்தது. கை ரெண்டும் முழங்காலைப் பிடித்திருந்தன. என் கை பட்டதும் உடம்பு தூக்கிப் போட்டது. மெதுவாக ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"தையல்காரப் பொண்ணா?" என்றார். குரலே எழும்பவில்லை.

அக்கா எப்படி வந்தாள் என்று தெரியாது. அவர் தலையைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். சாவிக்காரர் வாசற்படியிலேயே நின்று, "அண்ணே, அண்ணே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். சின்னவள் பெரியவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் அவள் தலையைத் தட்டிக்கொடுத்தார். ஏன் அழுகிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை.

கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்து வாசல் படியில் உட்காரவைத்தோம். வண்டியில் இருந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து அக்கா ஊட்டினாள். முன்கதவு எங்கள் முதுகுக்குப் பின்னால் திறந்து கிடந்தது. பனி தோட்டத்து வேலியைத் தாண்டி வந்துவிட்டது.

"ஏன் மாமா பின்கதவத் திறந்துக்கிட்டு வரல? தாழ்ப்பா உள்பக்கம்தானே?"

"பூட்டுறப்பக் கூப்பிடுவீங்கன்னு இருந்தேன்."

"நாங்க கூப்பிடாமப் போயிட்டோம் மாமா. எங்க தப்புதான். புத்தி கெட்டுப்போச்சு."

"கூப்பிட்டுச்சே." ரொட்டியை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார். "தினம் சாயங்காலம் கூப்பிடும். கீழ இருந்து தம்பி குரல்ல ஒரு தடவ. அப்புறம் படியில நின்னு உன் குரல்ல ஒரு தடவ."

அக்காவின் கை அப்படியே நின்றது. சாவிக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"அப்ப... அப்ப வந்திருக்கலாமே மாமா?"

"மொதத் தடவ கேட்டு எந்திரிக்கிறதுக்குள்ள ரெண்டாவது தடவயும் கூப்பிட்டுச்சேம்மா. நம்ம ஆளுங்க இனிமே ஒரு தடவதான் கூப்பிடுவாங்கன்னு சின்னப்பொண்ணு சொல்லுச்சுல்ல? அதனால நம்ம ஆளுங்க இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டேன். கூப்பிட்டுட்டு மேல ஏறி வரும். ஒவ்வொரு ரூம்பு வாசல்லயும் நிக்கும். துணிக்குள்ள அசையாம இருந்தா போயிரும்." மெச்சுவோம் என்று எதிர்பார்க்கிற மாதிரி எங்கள் முகங்களைப் பார்த்தார். "அது போனப்புறம் திரும்பவும் துடைப்பேன்."

சின்னவள் விசும்புவதை நிறுத்தியிருந்தாள். எதிர்வீட்டில் குழந்தை அழத் தொடங்கியது.

"இன்னிக்கு வந்தது நாங்கதான் மாமா" என்றாள் அக்கா. அவளுக்கு எப்படியாவது அவர் பயத்தைத் தீர்த்துவிட வேண்டும் போலிருந்தது. "இவரு கீழ நின்னு கூப்பிட்டாரு, நான் படியில நின்னு கூப்பிட்டேன். பயத்துல ரெண்டு பேரும் கத்திட்டோம். ரெண்டு தடவ கேட்டுச்சுன்னுதானே நீங்க வெளிய வரல? அது நாங்கதான்."

பெரியவர் யோசித்தார். எதையும் கூட்டவோ குறைக்கவோ தெரியாத மனுஷன்.

"இன்னிக்கு ரெண்டு தடவ இல்லியேம்மா" என்றார். "நாலு தடவ கேட்டுச்சு."

சாவிக்காரர் பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கதவை நோக்கிப் போனார். இத்தனை வருஷப் பழக்கம், குரல் கொடுக்க வாய் தானாகத் திறந்துவிட்டது.

"கூப்பிடாதீங்க" என்றாள் அக்கா. "பூட்டுங்க."